உணவும் உபதேசமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"பிள்ளைகளும் நல்லுணவுப் பழக்கமும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது ஒரு கணம் திகைத்தேன். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் என்னைக் கண்டதுமே உணர்ந்திருப்பீர்கள். எனது எடை 97 கிலோ. பல்கலைக்கழகத்தில் புகுந்தபோது 84 ஆக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் ஞாயிறுதோறும் நடைபெறும் அறநெறி வகுப்பொன்றில் சிறுவர்க்குப் பாடம் சொல்லும் பணி எனக்கு வாய்த்திருக்கிறது. ஒருநாள் திருக்குறளில் "மருந்து" என்னும் 95ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என வள்ளுவர் காட்டிய நெறியை விளக்கினேன். முன்வரிசையிலிருந்த எட்டு வயதுச் சிறுவன் எழுந்து, "அண்ணா, நீங்களும் அப்படித்தானா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால், வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவும் காலி வீதிக் கடையொன்றில் கொத்து ரொட்டி உண்டேன் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு, பிறர் சிரிக்குமுன் நானே சிரித்துவிடுவது நலமென்று எண்ணி, "என்னைப் பாருங்கள், கண்டபடி தின்றால் இப்படித்தான் குண்டாவீர்கள்" என்றேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் மகிழவில்லை. அவள் சற்றுப் பருத்த உடம்புடைய ஒன்பது வயதுச் சிறுமி. அதன்பின் இரண்டு வாரம் அவள் இடைவேளையில் உணவுப் பெட்டியைத் திறக்கவேயில்லை என்று அவளுடைய தோழி வந்து சொன்னாள். வீட்டிலிருந்து தாய் கட்டிக்கொடுத்த இடியப்பத்தைப் பையில் ஒளித்துவைத்துப் பட்டினி கிடந்திருக்கிறாள்! உணவைப்பற்றிக் கற்பிக்கப் புகுந்த நான், உடம்பைக் குறித்து வெட்கப்படவே கற்பித்திருந்தேன்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். வைத்தியன் முதலில் தன்னைக் குணமாக்கட்டும் என்னும் கருத்துடைய பழமொழி லூக்கா சுவிசேஷத்தில் வருவதை அங்கே அறிந்தேன். பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணரும் ஒரு வைத்தியர் கதையைச் சொல்லியிருக்கிறார். அவ்வைத்தியர் நோயாளிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, பத்தியத்தைப்பற்றி இன்னொரு நாள் வந்து கேட்கும்படி அனுப்பினார். அன்று அவர் அறையில் வெல்லச் சாடிகள் இருந்தன. அவற்றைக் கண்ட நோயாளி, வெல்லத்தை விலக்கென்றால் நம்புவானா என்பதே காரணம். இவற்றை நினைந்து, எடை குறையும்வரை அப்பாடத்தை நடத்துவதில்லை எனத் தீர்மானித்தேன்.

ஆனால் அத்தீர்மானம் நிலைக்கவில்லை. 1897 ஜனவரி 15 இல் இக்கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், இளைஞர் உடல் வலிமை பெறவேண்டுமென முழங்கியவர். அவரே நீரிழிவு நோயால் வருந்தி, 1902 இல், நாற்பது வயது நிறையுமுன் மறைந்தார். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமா? மேலும், நான் மெலியும்வரை பிள்ளைகள் வளராமற் காத்திருப்பார்களா?

நிற்க. உடம்பு பருத்தவர் எல்லாரும் பெருந்தீனிக்காரர் என்று எண்ணுவது தவறு. பரம்பரை, உறக்கக் குறைவு, உட்கார்ந்தே செய்யும் வேலை, மலிவாகக் கிடைக்கும் உணவு எனக் காரணங்கள் பல. எடை குறையத் தொடங்கியதும் உடம்பு பசியைக் கூட்டி, சக்திச் செலவைக் குறைத்து, பழைய நிலைக்கே திரும்ப முயல்கிறது. நான் நான்கு கிலோ குறைத்து மூன்றைத் திரும்பப் பெற்றவன். ஆதலால் இதை அனுபவத்தால் அறிவேன். எனினும் அலட்சியமாக இருத்தலும் ஆகாது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி 25 ஐத் தாண்டுமுன்னரே, 23 அளவிலேயே, ஆசிய மக்களுக்கு நீரிழிவு முதலிய நோய்களின் அபாயம் கூடுகிறது என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துக்காட்டியது.

ஆகவே பாடத்தை மாற்றினேன். எமது நாட்டில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவு நிறத்தாற் காட்டப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. அத்தகைய 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் எத்தனை தேக்கரண்டிச் சீனி உண்டென்று பிள்ளைகளையே கணக்கிடச் செய்தேன். ஒவ்வொரு கரண்டியாகக் கண்ணாடிக் குவளையில் இட்டு எண்ணினார்கள். பதினொன்று! பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் அடங்கவேண்டிய சீனியில் பெரும்பகுதி அக்குவளையில் இருந்தது. "அண்ணாவும் இதைக் குடித்துவந்தேன், இன்றிலிருந்து உங்களோடு சேர்ந்து விடப்போகிறேன்" என்றேன். எவரும் சிரிக்கவில்லை. உடம்பைக் குறித்த கேலிச்சொல் எதையும் வகுப்பில் சொல்வதில்லை என்பதும் எமது விதியாயிற்று. அச்சிறுமி இப்பொழுது உணவுப் பெட்டியைத் திறக்கிறாள். சென்ற வாரம் வல்லாரைச் சம்பலில் எனக்கும் பங்கு தந்தாள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். சரியான விடை சொன்ன பிள்ளைக்கு ரொபியும், விழா முடிந்ததும் ரோல்ஸும் சிவப்பு நிறப் போத்தலும் கொடுப்பது எமது வழக்கமாகிவிட்டது. அவித்த கடலையும் வாழைப்பழமும் மோரும் கொடுத்தால் விருந்தோம்பலுக்குக் குறைவு வந்துவிடுமா? தாய்மார்களே, குரக்கன் புட்டையும் முருங்கையிலை வறையையும் பிள்ளைகளின் தட்டில் மீண்டும் வையுங்கள். "போதும்" என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். "இன்னும் வேண்டும்" என்று கேட்கும் பிள்ளையைப் பழிக்காதீர்கள்.

இளைஞர்களே, ராமகிருஷ்ணர் கதையின் வைத்தியர் சாடிகளை அகற்றியபின் பத்தியம் சொன்னார். எனக்கு அந்த மேன்மை இன்னும் கைகூடவில்லை. நான் என் சாடிகளைப் பிள்ளைகள் கண்முன்னேயே வைத்து, ஒவ்வொன்றாக அகற்றிவருகிறேன். விடியற்காலையில் மரீன் டிரைவில் பம்பலப்பிட்டிவரை மூச்சுவாங்க நடக்கும் ஒருவனை நீங்கள் கண்டால், அவன் நானேதான். சிரித்துவிட்டுப் போகாமல், கூடச் சிறிது தூரம் நடந்து வாருங்கள்.