இனிப்பு நீரை ஒளித்து வைக்காதீர்கள்!

(ரிங்லெட்டில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயலவைத் தோழர்களே, தேயிலைக் காட்டிலிருந்து கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, தாப்பா, பீடோர் பக்கத்துப் பால்மரத் தோட்டங்களிலிருந்து மலையேறி வந்திருக்கும் சகோதரர்களே! 

சங்க மேடையில் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டைப் பற்றிப் பேசலாம். வியாதியைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்ன பதில் ஒன்றுதான். தொழிலாளிக்கு முதல் என்று ஒன்று உண்டானால் அது அவன் உடம்பு. அந்த முதலைக் கரையான் அரிப்பது போல அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிச் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

நான் பேச வந்தது இனிப்பு நீரைப் பற்றி. நீரிழிவு என்று ஏட்டில் எழுதுகிறோம். மலாய்க்காரச் சகோதரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்கிறார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் அது நம் லயங்களில் வீட்டுக்கு வீடு குடியிருக்கிறது.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பால்மரம் வெட்டியவர். முந்நூறு மரத்தை விடியுமுன் முடித்துவிட்டு, மங்குகளைக் கழுவி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார். ஒரு நாள் அவருடைய ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் விழுந்துவிட்டது. காலையில் விழுந்த கல்லை அவர் மாலையில்தான் கண்டார். வலிக்கவே இல்லை. வலி இல்லையென்றால் காயமும் இல்லை என்று எண்ணினார். மஞ்சள் வைத்துக் கட்டினார். பத்து நாளில் விரல் கறுத்தது. ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னார், இந்த வியாதி இவருக்குப் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது என்று.

அண்ணன் கால் போனதைக் கண்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? இல்லை, தோழர்களே! எனக்கும் தாகம் எடுத்தது. இரவில் நாலு தடவை எழுந்தேன். உடம்பு இளைத்தது. ஆபீசில் பேரேட்டில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சோதித்தபோது அளவு 14 என்றார்கள். மாத்திரை தந்தார்கள். அந்த மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்தேன். ஆறு வருஷம் என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ‘சீக்காளிக் கிராணி’ என்று பெயர் வந்துவிடுமோ, மகளுக்கு வரன் தட்டிப் போகுமோ என்ற பயம். கல்யாண வீட்டில் பாயசம் கொடுத்தால் குடித்தேன். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் சாப்பிட்டேன். மறுத்தால் தெரிந்துவிடுமே! அந்த ஆறு வருஷ வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை என் இடது கண்ணின் பாதிப் பார்வை. ஆகையால்தான் இன்று வெட்கத்தை விட்டுப் பேச வந்திருக்கிறேன்.

இது நம் ஒரு குடும்பத்துக் கதையல்ல. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு வீடு வீடாகச் சோதித்துக் கணக்கெடுத்தது. பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்த வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் மூவரில் ஒருவருக்குச் சற்றே குறைவு. அதிலும் பெரிய அபாயம் எது? அப்போது வியாதி இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு வியாதி இருப்பதே தெரிந்திருக்கவில்லை! இந்தக் கொட்டகையில் உங்களுக்கு வலப்புறம் இருப்பவரையும் இடப்புறம் இருப்பவரையும் ஒரு முறை பாருங்கள். பிறகு உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வியாதி என்ன செய்கிறது? நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அதை உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஏற்றி அனுப்பக் கணையம் ‘இன்சுலின்’ என்ற நீரைச் சுரக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையில் அந்த நீர் சுரந்தாலும் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. நாளடைவில் சுரப்பதும் குறைகிறது. பெரட்டுக்கு ஆள் வந்து நின்றும் வேலைக்காட்டுக்குப் போக வழி அடைத்துக் கிடந்தால் எப்படியோ, அப்படிச் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது. தேங்கிய சர்க்கரை கண்ணைக் கெடுக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும்; கால் நரம்பை மரக்கச் செய்யும்; இருதயத்தையும் தாக்கும். நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த வியாதியால் போகிறவர்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவன் எந்த மலையில் கொழுந்து பறிப்பான்? எந்த மரத்தில் பால் எடுப்பான்?

‘ஊசி போட்டால் கதை முடிந்தது’ என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். கதை முடிந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அது இன்சுலின் மருந்து இல்லாத காலம். கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த ஒரு பையனுக்கு அந்த ஊசி போடப்பட்டது, அவன் பிழைத்தான். இன்னொரு செய்தியும் தொழிலாளிகள் நினைவில் வைக்க வேண்டியது. அந்த மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். கோடி சம்பாதிக்க வழி இருந்தும் வேண்டாம் என்றார்கள். பாண்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளைத்தான் இன்று உலகம் நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறது. ஊசி தண்டனையல்ல, தோழர்களே! உயிர்.

இனி நம் வாயைப் பற்றிப் பேசுவோம். தேயிலைக்காரன் தேயிலையைக் குறை சொல்ல மாட்டான், சொல்லவும் வேண்டியதில்லை. நாம் பறிக்கும் கொழுந்தில் தீங்கில்லை. அதில் நாம் கலப்பதில்தான் தீங்கு. டின் பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. அதற்கு மேல் இரண்டு கரண்டிச் சீனி. ஒரு நாளைக்கு நாலு கோப்பை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கிராணி, போட்டுப் பார்த்துப் பயந்தவன். கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். முதல் வாரம் கசக்கும். ஒரு மாதம் போனால் நம் தேயிலையின் உண்மையான ருசி அப்போதுதான் தெரியும்.

சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் பாதி கீரையும் காயும் இருக்கட்டும். கால் பங்கு மீனோ, பருப்போ, கோழியோ, முட்டையோ இருக்கட்டும். மீதிக் கால் பங்கு சோறு. கேமரன் மலையில் காய்கறிக்கா பஞ்சம்? லாரி லாரியாகக் கீழே அனுப்பும் கோசும் கீரையும் நம் தட்டுக்கு வராமல் போவது என்ன நியாயம்?

பாகற்காய் தின்னலாம், நல்ல காய். ஆனால் பாகற்காயை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ‘நாற்பது நாளில் வேரோடு போகும்’ என்று பொட்டலம் விற்க வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

பால்மரத் தோழர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கிளிகிளாசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு இருட்டில் காட்டுக்குள் போகாதீர்கள். சர்க்கரை ஏறுவது மெல்லக் கொல்லும். இறங்குவது உடனே வீழ்த்தும். கை நடுங்கினால், குளிர்ந்து வேர்த்தால், கண் இருண்டால், காரணமின்றிக் கோபம் வந்தால் கத்தியைக் கீழே வையுங்கள். ஒரு மேசைக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிஷம் உட்காருங்கள். தெளியாவிட்டால் மறுபடி குடியுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். ஆள் மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இதைப் பக்கத்து நிரையில் வெட்டுகிறவர் தெரிந்து வைத்திருந்தால்தானே உங்களைக் காப்பாற்ற முடியும்? வியாதியை ஒளித்தால் அவர் என்ன நினைப்பார்? கள்ளு மயக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்!

இதற்காகத்தான், தோழர்களே, எங்கள் லயத்தில் மூன்று வருஷத்துக்கு முன் நாலு வீட்டார் சேர்ந்தோம். பெயரும் வைக்கவில்லை, பலகையும் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வீட்டு வாசலில் உட்காருவோம். கூட்டாகப் பணம் போட்டு ஒரு சோதனைக் கருவி வாங்கினோம். கருவி பொது, விரலில் குத்தும் ஊசி மட்டும் ஆளுக்குப் புதிது. அளவை ஒரு நோட்டில் எழுதுவோம். ஒருவர் காலை மற்றவர் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது சிரமம்; கண் மங்கியவனுக்கு இன்னும் சிரமம். சென்ற மழைக்காலத்தில் ஓர் அம்மாள் காலில் அட்டை கடித்த இடம் சீழ் கட்டியிருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கண்டாள். மறுநாளே ரிங்லெட் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். புண் ஆறியது. கால் தப்பியது. என் அண்ணனுக்குக் கிடைக்காத கண் அந்த அம்மாளுக்குக் கிடைத்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒருவர் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். ‘அளவு கூடிவிட்டால் எல்லாரும் என்னைக் கோர்ட்டில் நிறுத்துகிறீர்கள்’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் ஏசினோம், புத்தி சொன்னோம். அன்றிலிருந்து ஒரு விதி செய்தோம்: நோட்டில் எண்ணை எழுதலாம், எண்ணைப் பார்த்து ஏசக் கூடாது. ‘இந்த வாரம் என்ன தொல்லை?’ என்று கேட்பதோடு சரி. அவர் இப்போது திரும்பி வந்துவிட்டார். இதோ இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழியல்ல. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரனும் அவர் தோழர்களும், வியாதி வரும் விளிம்பில் நின்ற 531 பேரைச் சேர்த்து ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருஷத்தில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவை அளந்து, அன்றாடம் உடம்பை அசைக்கப் பழகியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. கேரளத்தில், தமிழகத்து எல்லையோரமான நெய்யாற்றின்கரையில் 60 வட்டாரங்களில் ஆயிரம் பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. அங்கே பாதி வட்டாரங்களில் டாக்டரல்ல, ஊர்க்காரர்களே, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகக் குழுக்களை நடத்தினார்கள். இரண்டு வருஷத்தில் வியாதி வந்தவர்கள் குழு இருந்த பக்கம் நூற்றுக்கு 15, இல்லாத பக்கம் 17. பெரிய வித்தியாசமில்லை, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காயும் பழமும் கூடுதலாக உண்டார்கள், குடியைக் குறைத்தார்கள். குழு மந்திரமல்ல. மருந்துக்குப் பதிலும் அல்ல. மருந்தை விடாமல் பிடித்துக்கொள்ள உதவும் கைப்பிடி.

இனிச் சங்கத்தின் வேலை என்னவென்று சொல்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் குடிமகனுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி. பிறகு ஏன் நம்மவர்கள் தவணை நாளில் போவதில்லை? மருந்துக்கு ஒரு வெள்ளி. ஆனால் அன்றைய கூலி போகிறதே! 1955-ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி டாக்டர் சான்றிதழ் தந்தால், இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாள். ஆனால் தவணைக்கு இரத்தம் கொடுத்து மருந்து வாங்கி வரும் நாளுக்குப் பல இடங்களில் நேரச் சீட்டுதான் தருகிறார்கள். கிலோக் கணக்கில் கொழுந்துக்குக் கூலி வாங்குகிறவளுக்கு நேரச் சீட்டு சோறு போடுமா? ஆகவே தவணை நாளுக்குக் கூலி கழிக்கக் கூடாது என்ற கோரிக்கையை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்கும்படி செயலவையை நான் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவாக உங்களிடம் நான் வேண்டுவது நாலே காரியம். முதலாவது, முப்பது வயது கடந்தவர்கள் எல்லாரும் இந்த மாதத்துக்குள் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வியாதி இருந்தால் வீட்டிலும் வேலைக்காட்டிலும் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். மூன்றாவது, இரவில் விளக்கணைக்குமுன் காலைப் பாருங்கள்; காலையில் பூட்ஸைத் தட்டிப் போடுங்கள். நாலாவது, ஒவ்வொரு லயத்திலும் நாலு வீடு சேருங்கள். விருந்துக்கு அழைத்த வீட்டில் இனிப்பை மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். ‘வேண்டாம்’ என்று அவர் சொல்வது அவமரியாதையல்ல, பிழைக்கும் முயற்சி.

என் அண்ணன் இன்று இல்லை. அவருடைய ஒற்றை பூட்ஸ் மட்டும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. நம் லயங்களில் இனி எந்த வீட்டிலும் ஒற்றை பூட்ஸ் மிஞ்சக் கூடாது. அதற்கு ஒருவர் காலை ஒருவர் பார்க்க வேண்டும். சங்கம் என்பதற்கு அதைவிட வேறு பொருள் எனக்குத் தெரியாது.