முள் ஆடும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உள்ளிழுப்பு வீச்சில் கீழிறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில் திராட்டில் என்னும் தகடு வழியை ஏறக்குறைய அடைத்து நிற்பதால், அதற்கு அப்பாலுள்ள மேனிபோல்டு எனப்படும் கிளைக்குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. இத்தாழ்வை அளக்கும் வேக்குவம் கேஜ், விலை மலிவானதாயினும், எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்நிலையை உணர்த்துவதில் பெரிதும் மதிக்கத்தக்கது. டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் இத்தகைய தடை இல்லாததால் அங்கே இச்சோதனை பொருந்தாது.

மேனிபோல்டின் சிறுமுனை ஒன்றில் கேஜின் ரப்பர் ஹோஸைச் செருகி, சூடேறிய எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டால், கடல்மட்டத்தில் பழுதற்ற எஞ்சினின் முள் பொதுவாக 17 முதல் 22 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். இங்கே அங்குலம் என்பது அந்த அழுத்த வேறுபாடு தாங்கக்கூடிய பாதரசத்தின் உயரம். 1000 அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால், சென்னையில் 20 காட்டிய வண்டி உதகையில் 13 காட்டினால், அதற்காகக் கார்புரேட்டரைக் குடையத் தேவையில்லை.

ஆயினும் எண்ணைப் படிப்பதைவிட ஆட்டத்தைப் படிப்பதிலேதான் கைத்திறன் இருக்கிறது. எரிந்துபோன வால்வு ஒன்று சரியாக மூடாவிட்டால், அந்தச் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் முள் சீரான இடைவெளியில் கீழ்நோக்கி வெட்டும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் ஐடிலிங்கில் படபடத்து, வேகம் கூட்டியதும் அடங்கும். வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ வேகம் கூடக்கூட ஆட்டமும் பெருகும். நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்திவைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்குமானால், சைலன்சர் பக்கத்து அடைப்பால் வெளியேற வழியற்ற புகை சிலிண்டரில் தங்கி, புதுக்காற்றை இழுக்கும் ஆற்றலைக் குறைக்கிறது என்று ஐயுறலாம். ஐயுறலாம் என்றே சொல்லவேண்டும். ஒரே ஆட்டத்துக்குக் காரணங்கள் பல இருக்கக்கூடுமாதலால், கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்றுவது அவசரமே.

1967-இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பு, மேனிபோல்டின் அழுத்தத்தைக் கொண்டே பெட்ரோலின் அளவை மின்னணு முறையில் தீர்மானித்தது. இன்று அவ்வழுத்தத்தை அளக்கும் பணியை மேப் சென்சாரிலுள்ள சிலிக்கான் சில்லு செய்கிறது; அது வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கிறது. இந்த அளவை மட்டுமே நம்பும் எஞ்சினில் எங்கேனும் காற்றுக் கசிந்தால், அழுத்தம் உயர்ந்ததைக் கண்ட கணினி அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடுவதால், எஞ்சின் திணறுவதற்குப் பதிலாக ஐடிலிங் வேகமே ஏறிவிடக்கூடும். ஸ்கேனர் திரையில் விட்டுவிட்டு மாறும் எண்ணோ ஒற்றை வால்வின் வெட்டைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. அதைப் பிடிக்க ஆசிலாஸ்கோப் வேண்டும், அல்லது அந்தப் பழைய முள்ளே போதும்.