பேருந்துக்கும் எஃப்.சி. வேண்டும்

பயணிகளை ஏற்றும் பேருந்துக்குத் தகுதிச் சான்று கட்டாயம். எஃப்.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எஃப்.சி. இல்லையென்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த வண்டியின் பதிவே செல்லாது.

வண்டிக்கு எட்டு வயதாகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். வயது ஏற ஏற மருத்துவரிடம் அடிக்கடி போவதில்லையா, அப்படித்தான். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், புகை எல்லாம் பார்க்கப்படும்.

பள்ளி வாகனம் என்றால் கெடுபிடி அதிகம். அது தேவையும்கூட. 2012இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் உள்ளே ஏறுவார். தளப்பலகையை மிதித்துப் பார்ப்பார். அவசரக் கதவைத் திறந்து பார்ப்பார். முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகிவிட்டதா என்றும் பார்ப்பார். குறை இருந்தால், சரிசெய்து மறுபடியும் காட்ட வேண்டும். அதுவரை வண்டி ஓடக் கூடாது.