கலபார் கொட்டை

நைஜீரியாவின் கலபார் பகுதியில் எஃபிக் மக்கள் ஒரு காலத்தில் குற்றவாளியைக் கண்டறிய ஒரு கொட்டையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தவர் நிரபராதி, செத்தவர் குற்றவாளி. எத்தனை அப்பாவி உயிர்கள் போயினவோ!

அது அவரை இனத்துக் கொடி ஒன்றின் விதை. எடின்பரோ மருத்துவர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல் அதைத் தானே தின்று பார்த்து, உயிர் தப்பினார். 1864-இல் அதிலிருந்து ஃபைசோஸ்டிக்மின் என்ற ஆல்கலாய்டு பிரித்தெடுக்கப்பட்டது.

நரம்புச் செல்கள் சேதி சொல்ல அனுப்பும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிடைல்கோலின். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துத் துப்புரவு செய்வது அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஃபைசோஸ்டிக்மின் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. அசிடைல்கோலின் தேங்குகிறது. அளவு மீறினால் மூச்சுத் தசைகளே செயலிழக்கும்.

அல்சைமர் நோயிலோ மூளையில் அசிடைல்கோலின் குறைந்துபோகிறது. அங்கே இதே தடை உதவுகிறது. ஃபைசோஸ்டிக்மினின் அமைப்பை ஒட்டி ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து உருவானது. பனித்துளிப் பூச்செடியில் கிடைத்த கேலண்டமைனும் இந்த நொதியைத்தான் தடுக்கிறது.

இவை நோயைக் குணமாக்குவதில்லை. சிலருக்கு நினைவுச் சரிவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவுதான். ஆனால், அந்தக் கொஞ்ச காலம் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது! ரிவாஸ்டிக்மின் இப்போது தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைக்கிறது. மாத்திரை போட்டதையே மறந்துவிடும் முதியவருக்கு அது வசதி.