வெறுக்கப்படும் இராச்சியங்கள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையானது. ஐக்கிய அமெரிக்காவில் 50 இராச்சியங்கள் உள்ளன. ஒரே கொடியின்கீழ், ஒரே அரசியலமைப்பின்கீழ் அவை இணைந்து வாழ்கின்றன. அவ்வாறு வாழும் மக்கள் தம் நாட்டிலேயே எந்த இராச்சியத்தை மிகுதியாக வெறுக்கிறார்கள், ஏன் வெறுக்கிறார்கள் என்பதே நம்முன் உள்ள கேள்வி. அயல் வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்காக நாம் இதனை எழுப்பவில்லை. ஒருவரையொருவர் விரும்பாத மக்கள், ஒருவருக்கொருவர் அடிமையாகாமல் ஒரே நாட்டில் வாழ்வது எங்ஙனம் என்பதை அறியவே விழைகிறோம்.

2012ஆம் ஆண்டில், பப்ளிக் பொலிசி போலிங் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்க வாக்காளரிடம் ஒவ்வோர் இராச்சியத்தைப் பற்றியும் கேட்டறிந்தது. மக்கள் மனத்தில் முதலிடம் பெற்றது ஹவாய்த் தீவு. கடைசி இடம் கலிபோர்ணியாவுக்குக் கிடைத்தது. அதனை நல்லெண்ணத்தோடு நோக்கியவர் நூற்றுக்கு 27 பேர்; வெறுப்போடு நோக்கியவர் 44 பேர். விருப்பத்தை விட வெறுப்பு மேலோங்கி நின்ற இராச்சியங்கள் ஐந்தே: கலிபோர்ணியா, இலினோய், நியூ ஜேர்சி, மிசிசிப்பி, யூட்டா.

இந்த ஐந்தையும் உற்று நோக்கினால், வெறுப்புக்கு ஒரு முகமன்று, ஐந்து முகங்கள் உண்டென்பது புலனாகும்.

வெறுப்பின் ஐந்து முகங்கள்

நியூ ஜேர்சியை எடுத்துக்கொள்வோம். நியூயோர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையில் கிடக்கும் இந்தச் சிறிய இராச்சியத்தில் மக்கள் நெருக்கம் வேறெந்த இராச்சியத்திலும் அதிகம். 1951இல் திறக்கப்பட்ட பெருந்தெருவில் விரைந்து செல்வோர் காண்பது எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளையும் புகைபோக்கிகளையுமே. தெருவை விட்டுச் சற்றே விலகினால் பழத்தோட்டங்களும் மரக்கறித் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. தோட்ட இராச்சியம் என்பதே அதன் பட்டப்பெயர். ஆனால், வழிப்போக்கன் தெருவைப் பார்த்து ஊரை எடைபோட்டு விடுகிறான். இது கண்ணால் வந்த வெறுப்பு.

இலினோய் இராச்சியத்தின் பெயரைக் கெடுத்தவர்கள் அதன் ஆட்சியாளர். அங்கு ஆளுநராய் இருந்தவர்களுள் நால்வர் பின்னர் குற்றவாளிகளாய்ச் சிறை புகுந்தனர். அவர்களுள் ஒருவரான றொட் பிளகோயெவிச், 2011இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தலைவன் திருடினால் ஊரே திருட்டூர் என்று பெயர் பெறுகிறது. இது ஆட்சியாளரால் வந்த வெறுப்பு.

யூட்டா மீது கொண்ட வெறுப்போ சமயத்தால் வந்தது. அங்குள்ள மக்களுள் மிகப் பலர் மோர்மன் நெறியைச் சார்ந்தவர். மிசிசிப்பி மீது கொண்ட வெறுப்பு, கறுப்பு மக்களுக்கு அங்கு இழைக்கப்பட்ட கொடுமையால் வந்தது. கலிபோர்ணியா மீது கொண்ட வெறுப்பு அதன் பருமனாலும் செல்வத்தாலும் வந்தது. அரசியற் பகையும் அதனோடு சேர்ந்துகொண்டது. குடியரசுக் கட்சியார் கலிபோர்ணியாவைக் கரித்துக்கொட்டுவதும், சனநாயகக் கட்சியார் டெக்சாசைத் தூற்றுவதும் அந்நாட்டில் அன்றாட வழக்கம்.

இவ்வைந்தனுள் மிசிசிப்பி ஒன்றிலேதான் வெறுப்புக்கு வலுவான நியாயம் இருந்தது. ஏனையவற்றில், வெறுப்பவர் வெறுக்கப்படுபவரைச் சரியாக அறிந்தவர் அல்லர்.

வெறுப்பின் கையில் வாள்

மனத்தில் மட்டும் தங்கும் வெறுப்பால் பெருங்கேடு விளைவதில்லை. அதன் கையில் அதிகாரம் ஏறும்போதுதான் ஆபத்து. இதற்கு அமெரிக்க வரலாறே சான்று பகர்கிறது.

1838ஆம் ஆண்டு மிசூரி இராச்சியத்தில் மோர்மன் மக்கள் குடியேறியிருந்தனர். அயலவருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. ஆளுநர் லில்பேர்ன் பொக்ஸ், அம்மக்கள் இராச்சியத்தை விட்டுத் துரத்தப்பட வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும் என்று எழுத்திலே கட்டளை பிறப்பித்தார். அவர்கள் இலினோய்க்கு ஓடினர். அங்கு 1844இல் அவர்களின் தலைவர் ஜோசப் சிமித் சிறைக்குள்ளேயே கும்பலாற் கொல்லப்பட்டார். மீண்டும் வண்டி கட்டி மேற்கே நடந்த மக்கள், 1847இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். வறண்டு இறுகிக் கிடந்த நிலத்தில் ஓடைநீரைத் திருப்பி விட்டு ஈரமாக்கி உழுதனர். இன்றைய யூட்டா அவ்வாறு பிறந்தது. மிசூரியின் அந்தக் கட்டளை 1976இல்தான் நீக்கப்பட்டது. 138 ஆண்டுகள் அது ஏட்டிலே கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த சான்று கமக்காரரைப் பற்றியது. 1930ஆம் ஆண்டுகளில் ஒக்லகோமா, டெக்சாஸ், கன்சாஸ் முதலிய இராச்சியங்களில் மழை பொய்த்தது. உழுது புரட்டிய மண் புழுதிப் புயலாய் எழுந்து வானத்தை மூடியது. கடன்பட்ட குடும்பங்கள் வீட்டுச் சாமான்களைப் பழைய மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கலிபோர்ணியாவை நோக்கிப் புறப்பட்டன. அங்கு கிடைத்த வரவேற்பு யாது? ‘ஓக்கி’ என்ற இழிபெயர். 1936இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தம் நகர எல்லைக்கு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், இராச்சியத்தின் எல்லைகளிலேயே 136 பொலிசாரை நிறுத்தி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார். சொந்த நாட்டின் குடிமக்கள் சொந்த நாட்டினுள்ளே அந்நியராயினர்!

சட்டம் குறுக்கே நின்றது

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. வறியவரை இராச்சியத்துக்குள் கொண்டுவருவதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று கலிபோர்ணியாவில் இருந்தது. பிரெட் எட்வேர்ட்ஸ் என்பவர் டெக்சாசுக்குச் சென்று, வேலையின்றி இருந்த தம் மனைவியின் சகோதரனைக் கூட்டி வந்தார். அதற்காக அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதனை ஒத்தி வைத்தார்கள். அவர் ஓயவில்லை. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1941 நவம்பரில் நீதியரசர் அனைவரும் ஒருமித்து அச்சட்டம் செல்லாது என்று தீர்த்தனர். ஏழ்மை என்பது ஒரு மனிதனை எல்லையில் மறிப்பதற்குக் காரணமாகாது என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது. கலிபோர்ணிய மக்கள் மனம் மாறிவிட்டார்களா? தீர்ப்பு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. கதவை அடைக்க உமக்கு அதிகாரமில்லை என்று மட்டுமே சொன்னது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீருக்காக நடக்கும் சண்டையைக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கொலராடோ நதியில் அணை கட்டி லொஸ் ஏஞ்சல்சுக்கு நீர் கொண்டுபோக முயன்றபோது, தன் பங்கு பறிபோகும் என்று அரிசோனா அஞ்சியது. 1934இல் அதன் ஆளுநர் பெஞ்சமின் மோர் ஆற்றங்கரைக்குப் படையையே அனுப்பினார். துப்பாக்கி வெடிக்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. காங்கிரஸ் மன்றம் அனுமதியாத அணையைக் கட்ட முடியாது என்று 1935இல் தீர்ப்பு அரிசோனாவின் பக்கம் விழுந்தது. பின்னர் முறையாகச் சட்டம் இயற்றியே அணை கட்டப்பட்டது. 1952இல் அரிசோனா மீண்டும் வழக்காடி, 1963இல் தீர்வு பெற்றது. கீழ்ப்பகுதி இராச்சியங்களுக்குரிய 75 இலட்சம் ஏக்கர் அடி நீரில் கலிபோர்ணியாவுக்கு 44 இலட்சம், அரிசோனாவுக்கு 28 இலட்சம், நெவாடாவுக்கு 3 இலட்சம் என்று பங்கு வகுக்கப்பட்டது. நதி வற்றி வரும் இந்நாளிலும் பங்கீட்டு வாதம் ஓயவில்லை. எனினும், மன்றத்தின் முன் பெரிய இராச்சியமும் சிறிய இராச்சியமும் சமமாகவே நிற்கின்றன.

செனட் சபையை நோக்குங்கள். ஏறக்குறைய 4 கோடி மக்கள் வாழும் கலிபோர்ணியாவுக்கும் 6 இலட்சத்துக்கும் குறைந்தோர் வாழும் வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு ஆசனங்களே. ஓர் இராச்சியத்தின் சம்மதமின்றி அச்சமநிலையைப் பறிக்க முடியாதென்று அரசியலமைப்பின் ஐந்தாம் உறுப்பு கட்டியிருக்கிறது. இது நியாயமன்று என்று கலிபோர்ணியர் குறைகூறுவதிலும் பொருளில்லாமல் இல்லை. ஆனால், எண்ணிக்கையிற் சிறியவர் பெரியவரின் அன்பை நம்பி வாழத் தேவையில்லை என்ற உறுதி அதனாற் கிடைக்கிறது.

இராச்சியத்துக்கு உள்ளே இருப்பவர்

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இராச்சிய உரிமை என்ற கேடயத்தின் பின்னே நின்றுகொண்டு தன் மக்களையே ஒடுக்கும் இராச்சியத்தை என்ன செய்வது? மிசிசிப்பியில் நடந்தது அதுவே. அங்கு பருத்தித் தோட்டத்தில் கூலிக்கு உழைத்த பனி லூ ஹேமர் என்னும் பெண்மணி, 1962இல் வாக்காளராய்ப் பதியச் சென்றார். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து அதற்காகவே துரத்தப்பட்டார். 1964இல் நியூ ஜேர்சியின் அட்லாண்டிக் நகரில் கூடிய சனநாயகக் கட்சி மாநாட்டில், தாம் பட்ட அடியையும் அவமானத்தையும் நாடறிய எடுத்துரைத்தார். அவ்வாண்டில் மிசிசிப்பியின் கறுப்பு மக்களுள் நூற்றுக்கு 7 பேர்கூட வாக்காளராய்ப் பதியப்பட்டிருக்கவில்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1967இல் அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 60 ஆயிற்று.

இதிலே நாம் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. மிசிசிப்பி என்று உலகம் வெறுத்தபோது, அடித்தவனும் மிசிசிப்பியன், அடிபட்டவளும் மிசிசிப்பியள். இராச்சியத்தின் பெயரைச் சொல்லி வெறுப்பவர் இருவரையும் ஒரே சாக்கிற் போட்டுக் கட்டிவிடுகிறார். ஆட்சியின் செயலைக் கண்டிப்பது வேறு. மண்ணையும் மக்களையும் வெறுப்பது வேறு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் சின்னத்தை 2020இல் தம் கொடியிலிருந்து நீக்கிப் புதுக்கொடிக்கு வாக்களித்தவர்களும் அந்த இராச்சியத்து மக்களே. சட்டமும் தானாக நிலைத்து நிற்பதில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான ஒரு காவல் விதியை 2013இல் உயர் நீதிமன்றமே செயலிழக்கச் செய்தது. வேலி போட்டவன் அதனைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

முடிவாக

அன்பர்களே, வெறுப்பவரும் வெறுக்கப்படுபவரும் காலத்துக்குக் காலம் இடம் மாறுகின்றனர். ஒக்லகோமாக் கமக்காரனை எல்லையில் மறித்தது கலிபோர்ணியா. 1971இல் அதன் அயல் இராச்சியமான ஒறிகனின் ஆளுநர் டொம் மக்கோல், விருந்தாளியாய் வாருங்கள், குடியிருக்க மட்டும் வராதீர்கள் என்று வெளியாருக்குக் கூறினார். வீட்டு விலை தாளாமல் ஐடகோவுக்கும் டெக்சாசுக்கும் குடிபெயரும் கலிபோர்ணியர் இன்று அதே சொல்லைக் கேட்கின்றனர். காணியின் விலையை ஏற்றியவர்கள் என்று உள்ளூரார் முகஞ்சுளிக்கின்றனர். ஆனால், அவர்கள் வண்டியை எல்லையில் மறிக்க எந்தப் பொலிசாராலும் முடியாது. 1941இல் எட்வேர்ட்ஸ் என்ற சாதாரண மனிதர் பெற்ற தீர்ப்பு, அன்று அவரைத் தண்டித்த இராச்சியத்தின் மக்களுக்கே இன்று துணை நிற்கிறது.

அயலவன் நம்மை விரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிட இயலாது. விரும்பாத அயலவன் நம் வழியை மறிக்கவும், நீரைப் பறிக்கவும், வாக்கைக் கெடுக்கவும் முடியாதபடி செய்ய இயலும். அன்பு வரும், போகும். உரிமை எழுத்தில் நிற்க வேண்டும். அந்த எழுத்தைக் காக்க மக்கள் விழித்திருக்க வேண்டும்.