பிக்கப்பில் இரைச்சலும் வெக்கையும்

85 டெசிபல் சத்தத்தைத் தினமும் 8 மணி நேரம் வருடக்கணக்காகக் கேட்டால் காது பழுதாகலாம். 3 டெசிபல் கூடினால், தாங்கும் நேரம் பாதியாகிவிடும். எஞ்சின் மாற்றிய என் பிக்கப்பில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில், எஞ்சின் பக்கத் தகட்டின் ஓட்டைகளை ரப்பர் மூடிகளால் அடைத்தேன். அவற்றினூடாகச் சத்தமும் சூடும் மட்டுமல்ல, மணமில்லாத காபனோரொட்சைட்டு வாயுவும் உள்ளே வரலாம். ஆகவே சைலன்சர் குழாயின் கசிவையும் பார்ப்பித்தேன்.

அடுத்து, தட்டினால் அதிரும் தகடுகளில் பியூட்டைல் ரப்பர் தாள் ஒட்டினேன். கால்பங்கு மூடினாலே அதிர்வு நன்றாகக் குறையும். அதன்மேல் நுரைத்தாளும் கனத்த வினைல் விரிப்பும் போட்டேன். சைலன்சருக்கு மேலே காற்றிடைவெளி விட்டு அலுமினியத் தகடு பூட்டினேன்.

மலிவென்று கூரைத் தார்த்தாள் ஒட்டாதீர்கள். வெயிலில் இளகி மணக்கும். போன செவிப்புலன் திரும்பாது, நேயர்களே.