நோன்புக் கஞ்சி அரிசியும் இரு நாட்டு நட்பும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





இந்தியா - சிங்கப்பூர் நல்லுறவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, பேராசிரியர் யாரையாவது அழையுங்கள் என்றுதான் சொன்னேன். நான் பாலிடெக்னிக்கில் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா படித்துவிட்டு, வாப்பாவின் மளிகை மொத்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன். "உங்களுக்குத் தெரிந்த அரிசியைப் பற்றியே பேசுங்கள்" என்றார் அவர். அதையே பேசுகிறேன்.

2023 ஜூலை 20. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்தியா அன்று தடை விதித்தது. அன்றைக்கு என் பச்சரிசி ஒரு கன்டெய்னர், ஏறத்தாழ 25 டன், தூத்துக்குடியில் கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அறிவிப்புக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கு விலக்கு உண்டு என்றார்கள். நம் சரக்கு கிடங்கை விட்டே நகரவில்லை. முன்பணமோ போய்விட்டது. இந்தியாவில் அப்போது அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. தன் மக்களுக்கு முதலில் சோறு என்று ஓர் அரசாங்கம் நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்டில் இன்னும் இறுகியது. புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. பாசுமதிக்கு டன்னுக்கு 1,200 அமெரிக்க டாலர் குறைந்தபட்ச விலை. இட்லி மாவுக்காரர், பிரியாணிக் கடைக்காரர் என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். 2022இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் அந்தச் செய்தி வந்தது. சிங்கப்பூருடனான சிறப்பு உறவைக் கருதி, அதன் உணவுத் தேவைக்காக அரிசி அனுப்ப அனுமதிப்பதாக இந்திய வெளியுறவு அமைச்சு அறிவித்தது. அளவு 50,000 டன். உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கதவு திறந்தது பூட்டான், மொரிஷியஸ், சிங்கப்பூர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளுக்குத்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அனுமதியால் என் கன்டெய்னர் நகரவில்லை. இந்தியாவின் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் வழியாக மட்டுமே அந்த அரிசி வர வேண்டும் என்பது விதி. என்னைப் போன்ற சிறு வியாபாரிக்கு அதில் நேரடி இடம் இல்லை. ஆனால் செய்தி வந்ததுமே வாடிக்கையாளர்களின் பதற்றம் தணிந்தது. இரண்டு மூட்டை கேட்டவர்கள் மறுபடியும் ஒரு மூட்டைக்கு வந்தார்கள். சந்தையில் பயம் குறைந்தால் பாதி விலை குறைந்த மாதிரிதான்.

சிங்கப்பூருக்கு ஏன் திறந்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

1965இல் நாம் தனி நாடானபோது முதலில் அங்கீகரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த ஆகஸ்டு 24ஆம் நாள் தொடங்கிய தூதரக உறவுக்கு 2025இல் அறுபது ஆண்டு நிறைந்தது. 2005இல் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு, நாம் சுருக்கமாக 'சீக்கா' என்கிறோமே அது, நடப்புக்கு வந்தது. அதைப் பற்றி இங்கே காப்பிக்கடையில் நடந்த சூடான வாதங்கள் உங்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. 2023 பிப்ரவரியில் நம் பேநவ்வையும் இந்தியாவின் யூபிஐயையும் இணைத்தார்கள். ஊரில் இருக்கும் மாமிக்கு என் உம்மா இப்போது கைப்பேசியிலேயே பணம் அனுப்புகிறார்.

பாதுகாப்பு என்றால் பீரங்கியும் போர்க்கப்பலும் நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். தேசிய சேவையில் என்னோடு இருந்த நண்பர் ஒருவர் பீரங்கிப் படையில் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலிக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார். குண்டு போட்டுப் பழக நம்மிடம் அவ்வளவு இடம் ஏது? நம் வீரர்களுக்கு இந்தியா இடம் கொடுக்கிறது. இரு நாட்டுக் கடற்படைகளும் 'சிம்பெக்ஸ்' என்ற பயிற்சியை முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து நடத்துகின்றன. நம் மூட்டைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணை வழியாகத்தான் வருகின்றன. செங்கடலில் தாக்குதல்கள் நடந்தபோது, 2024இல் இங்கே துறைமுகத்தில் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. அந்தச் செலவு என் பில்லிலும் ஏறியது.

நட்பு ஒருபக்கமாகவும் ஓடவில்லை. 2021 ஏப்ரலில் இந்தியாவில் மூச்சுக்காற்றுக்கு மக்கள் தவித்தபோது, நம் ஆகாயப்படையின் இரண்டு சி-130 விமானங்கள் 256 ஆக்சிஜன் சிலிண்டர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவ்வளவு பெரிய நாட்டுக்கு 256 என்ன கணக்கு என்று அப்போது ஒருவர் கேட்டார். என் வாப்பாவின் பற்றுவரவுப் புத்தகத்தில் இரண்டு வெள்ளிக் கணக்கும் இருக்கும். பெரிய தொகையைக் கொடுத்தவரைவிட, நெருக்கடியில் கொடுத்தவர் பெயரைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார்.

இருந்தாலும், நட்பை மட்டும் நம்பி வியாபாரம் செய்யக்கூடாது என்பதையும் அந்த ஆண்டு கற்றுக்கொண்டேன். நம் அரசாங்கமே அரிசி இறக்குமதியாளர்கள் கையிருப்பு வைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அரிசி வர வழிவைத்திருக்கிறது. நான்தான் ஒரே துறைமுகத்தை நம்பியிருந்தேன். 2024 மார்ச்சில் ரமலான் பிறந்தபோது, நான் வழக்கமாக அரிசி கொடுக்கும் பள்ளிவாசலுக்கு வியட்நாம் அரிசிதான் அனுப்பினேன். கஞ்சி காய்ச்சும் பெரியவர் மூன்றாம் நாளே கூப்பிட்டு, "தம்பி, இது கஞ்சியா, பசையா?" என்றார். பிறகு பாகிஸ்தான் அரிசியைப் பாதிக்குப் பாதி கலந்தோம். மாதம் முழுதும் கஞ்சிக்கு வந்த ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தூத்துக்குடியில் நின்ற அந்தச் சரக்கு? அனுப்ப இருந்தவர் என் பாட்டனார் காலத்திலிருந்து நமக்கு அரிசி தருகிற குடும்பத்தவர். ஒப்பந்தப்படி முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தடை அவர் போட்டதல்ல. உள்ளூரில் நட்டத்துக்கு விற்று, மூன்று தவணையில் முழுப்பணத்தையும் அனுப்பிவிட்டார். நட்டத்தில் பாதி என்னுடையது என்று நான் சொன்னதற்கு, "பாக்கியைக் கணக்கில் வையுங்கள், தடை போனதும் பார்த்துக்கொள்வோம்" என்றார். 2024 செப்டம்பர் 28இல் தடை நீங்கியது. அக்டோபரில் அவரிடமிருந்துதான் முதல் கன்டெய்னர் எடுத்தேன், டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை வைத்து.

நம் சங்கத்தில் அரிசி, வெங்காயம், மசாலா இறக்குமதி செய்பவர்கள் பலர் இருக்கிறோம். தனித்தனியே தவித்ததுபோல் இனித் தவிக்க வேண்டாம். எந்த நாட்டில் என்ன அறிவிப்பு, எந்தச் சரக்குக்கு எந்தச் சான்றிதழ் என்பதைப் பகிர்ந்துகொள்ள மாதம் ஒருமுறை கூடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் என்னைப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், கணினியில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.